எந்த ஊர்?

சென்ற மாதம் இரண்டு வாரம் நாகர்கோவிலில் என் மைனி வீட்டில் போய்த் தங்கியிருந்தேன். மைனி என்றால் யாரோ என்று விழிக்க வேண்டாம். மதனியைத்தான் எங்கள் நாஞ்சில் நாட்டில் அப்படிக் கூப்பிடுவோம். மைனிக்கு அறுபத்தெட்டு வயது. அண்ணா காலமாகி ஆறு வருஷங்கள் ஆகின்றன. பிள்ளைகள் இருவரும் கடல் கடந்து போய்விட்டார்கள். கீழே மைனி, மாடி காலி. அந்த மாடியைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் சாளை மீனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

காலை பத்து மணி சுமாருக்கு மைனியின் தெருவில் ஒரு குரல் கேட்கும். குளச்சல் பக்கத்திலிருந்து மீன் கொண்டு வரும் ஓர் அம்மாள். அந்தக் காலத்தில் ஓலைக் கடவத்தில் சுமந்து வருவார்கள். இப்போது அலுமினியப் பாத்திரம். சாளை, நெத்திலி, அயிலை என்று அன்றைக்குக் கடல் கொடுத்தது எதுவோ அது. மைனி வைக்கும் சாளைப் புளிமுளத்தையும், கூடவே அவித்த மரச்சீனிக் கிழங்கையும் சாப்பிட்டவர்கள் மறக்கமாட்டார்கள். செய்முறையை வேறொரு வாரம் எழுதுகிறேன். கடிதம் போட்டு அவசரப்படுத்தாதீர்கள்.

மீன் வாங்கியானதும் அந்த அம்மாள் தண்ணீர் கேட்பார். மதில் மேல் ஒரு பழைய பிளாஸ்டிக் பாட்டில் இருக்கும். மைனி அதில் தண்ணீர் பிடித்துக் கொடுப்பாள். குடித்துவிட்டு, அவரே அதை மதில் மேல் இருந்த இடத்தில் வைத்துவிடுவார். வாசலில் மூன்று படிகள் உண்டு. அவர் ஒரு நாளும் படியில் உட்கார்ந்ததில்லை. உட்காராதே என்று யாரும் சொன்னதுமில்லை. தெருவில் வெயிலில் குந்திக்கொண்டு மீனை எண்ணுவார். இன்னொன்றும் கவனித்தேன். அவர் மைனியைவிட நாலைந்து வயது மூத்தவர். ஆனால் மைனி அவரை “நீ” என்பாள். அவர் மைனியை “அம்மா” என்பார்.

மைனி கெட்டவள் அல்ல, சகோதரிகளே. அவளைப் போல் இளகின மனசு யாருக்கும் வராது. அந்த அம்மாளுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு மருந்து வாங்கிக் கொடுத்து அனுப்பியவள் அவள்தான். நான் அங்கே இருந்த முதல் நாலு நாளும் அந்தப் பாட்டில் என் கண்ணில் படவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் நாள்தான் பட்டது. அதற்குக் காரணம், நான் அன்று தையற்காரியைத் தேடிக்கொண்டு இரண்டு தெரு தள்ளிப் போனதுதான்.

அங்கே ஒரு வேப்பமரம். மரத்தைச் சுற்றிச் சிமெண்டுத் திண்டு. பக்கத்தில் பொதுக் குழாய். அந்தத் திண்டின் மேல் நம் மீன்கார அம்மாள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்! அந்தத் தெருப் பெண்கள் மூன்று பேர் அவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி தம்ளரில் டீ கொண்டு வந்தாள். “எக்கா, ஒங்க மொழங்காலு வலி எப்படி இருக்கு?” என்று இன்னொருத்தி கேட்டாள். அதே அம்மாள், அதே பாத்திரம், அதே மீன். நடந்தால் ஐந்து நிமிஷ தூரம்.

அந்தத் தெருக்காரர்கள் எல்லோரும் மகாத்மாக்கள், மைனியின் தெருவில் இருப்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அங்கே வீடுகள் சின்னவை. கதவைத் திறந்தால் தெரு. மதிலுமில்லை, கேட்டுமில்லை. குழாயடியில் எல்லோரும் குடத்தோடு ஒருத்தர் பின் ஒருத்தர் நிற்க வேண்டும். நிழல் ஒன்றே ஒன்றுதான். வருகிறவர்களெல்லாம் அதில்தான் உட்கார வேண்டும். மைனியின் தெருவிலோ ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கிணறு, தனி மோட்டார், ஆள் உயர மதில், அதற்குள் ஒரு நாய். அங்கே ஒருத்தரோடு ஒருத்தர் உட்காருவதற்கு இடமே கிடையாது.

திரும்பும் வழியில் அந்த அம்மாளோடு பேசிக்கொண்டே நடந்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “கடப்புறத்துல எனக்கு ஒரு பேரு உண்டு மக்ளே. பஸ்ஸுல ஏறினா நாத்தம். ஒங்க தெருவுக்கு வந்தா மீன்காரி.”

பஸ்ஸைப் பற்றி அவர் சொன்னதும் உங்களில் பலருக்கு ஒரு சம்பவம் ஞாபகம் வரலாம். 2021 டிசம்பர் மாதம், குளச்சல் பஸ் நிலையத்தில் நடந்தது. மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப அரசாங்க பஸ்ஸில் ஏறிய வயதான பெண் ஒருவரை, மீன் வாடை அடிக்கிறது என்று சொல்லிக் கண்டக்டர் இறக்கிவிட்டார். அவர் பஸ் நிலையத்தில் நின்று அழுது நியாயம் கேட்டதை யாரோ படம் பிடித்தார்கள். அந்தப் படம் நாடெல்லாம் பரவியது. முதலமைச்சர் கண்டனம் தெரிவித்தார். டிரைவர், கண்டக்டர், நேரக் காப்பாளர் மூவரும் தாற்காலிகமாக வேலை நீக்கம் செய்யப்பட்டார்கள். அதே வாரத்தில், அதே மாவட்டத்தில், நாகர்கோவில் வடசேரியில் ஒரு நரிக்குறவர் குடும்பத்தையும் பஸ்ஸிலிருந்து இறக்கி, அவர்கள் மூட்டையையும் வெளியே எறிந்தார்கள். அதற்கும் தண்டனை உண்டாயிற்று.

அந்த வருஷம் மே மாதத்திலிருந்துதான் தமிழ் நாட்டில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாப் பிரயாணம் வந்திருந்தது. எத்தனையோ வீட்டு வேலைக்காரப் பெண்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் சில கண்டக்டர்களின் நாக்கில் “ஓசி” என்ற வார்த்தையும் கூடவே ஏறிக்கொண்டது. இப்போது எண்ணிப் பாருங்கள். அந்தப் பஸ்ஸில் மீன் வாங்கிக்கொண்டு போகும் ஆண்கள் ஏறியிருக்கமாட்டார்களா? வேறு கிழவிகள் ஏறியிருக்கமாட்டார்களா? டிக்கெட் இல்லாத வேறு பெண்கள் ஏறியிருக்கமாட்டார்களா? எல்லோரும் ஏறியிருப்பார்கள்; இறங்கச் சொன்னது ஒருவரை மட்டும். பெண், கிழவி, கடப்புறத்துக்காரி, ஏழை, தலையில் மீன் பாத்திரம் — இத்தனையும் ஒரே உடம்பில் சேரும்போதுதான் “இறங்கு” என்று சொல்ல வாய் வருகிறது. இதே கண்டக்டர் கடற்கரையில் போய் அப்படிச் சொல்லியிருப்பாரா? அங்கே மீன் வாடை என்பது காற்று மாதிரி. வாடை இல்லாதவன்தான் அங்கே அந்நியன்.

இந்த விஷயம் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. கொஞ்சம் பழங்கதை சொல்கிறேன், கேளுங்கள்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் முதல் தேதி தமிழ் நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன் திருவாங்கூர் ராஜ்யம். அங்கே நாடார் முதலிய சமூகப் பெண்கள் இடுப்புக்கு மேல் சேலையை இழுத்து மூடக்கூடாது என்பது வழக்கம். வழக்கம் என்ன, சட்டம்தான். தோள்சீலைக் கலகம் என்று நீங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு வரி படித்திருக்கலாம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் சுமார் ஐம்பது வருஷம் இருக்கிறது.

1812, 14 ஆண்டுகளில் கர்னல் முன்றோ என்னும் ஆங்கிலேயர் ரெஸிடெண்டாகவும் திவானாகவும் இருந்தபோது, கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்த நாடார்ப் பெண்கள் குப்பாயம் என்ற ரவிக்கை போட்டுக்கொள்ளலாம் என்று அனுமதி வந்தது. மதம் மாறாத பெண்களுக்குக் கிடையாது. ஒரே கூரையின் கீழ் அக்காளும் தங்கையும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்காள் சர்ச்சுக்குப் போனால் ரவிக்கை உண்டு. தங்கை போகாவிட்டால் இல்லை. ரவிக்கையும் ரவிக்கை மட்டும்தான். அதன் மேல் உயர்ந்த ஜாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை போடக்கூடாது. ஆனால் பெண்கள் ரவிக்கையோடு திருப்தியடைந்துவிடவில்லை. தோள்சீலையையும் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். 1822-ல் கல்குளம், இரணியல் பக்கத்தில் கலகம் ஆரம்பித்தது. சந்தையிலும் பொது ரஸ்தாவிலும் பெண்களின் சீலையைப் பிடித்துக் கிழித்தார்கள். பள்ளிக்கூடங்களும் ஜபக்கூடங்களும் தீக்கிரையாயின. 1829 பிப்ரவரி 3-ஆம் தேதி ராணி கௌரி பார்வதி பாயின் பிரகடனம், ரவிக்கை சரி, தோள்சீலை கூடாது என்று மறுபடி அடித்துச் சொல்லிற்று.

சகோதரிகளே, இதில் இடத்தைக் கவனியுங்கள். சீலை கிழிந்தது வீட்டுக்குள் அல்ல. பனைவிளைக்கு நடுவில், சொந்த ஜனங்களின் குடிசைகள் இருந்த இடத்திலும் அல்ல. சந்தையில். நாலு ஜாதியும் கூடுகிற, ஆனால் ஒரு ஜாதியின் கை ஓங்கியிருந்த இடத்தில். அதே நாடார்ப் பெண் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டித் திருநெல்வேலிச் சீமைக்குப் போய்விட்டால் திருவாங்கூர் உத்தரவு அங்கே செல்லாது. அது கும்பினியார் எல்லை. காற்று மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றாக வீசும். ஒரு மலைக் கணவாயின் இந்தப் பக்கம் குற்றமாக இருந்த அதே துணி அந்தப் பக்கம் வெறும் துணி. அது மட்டுமா? உயர்ந்த ஜாதி என்று எண்ணிக்கொண்டிருந்த பெண்களுமே தமக்கும் மேற்பட்டவர்கள் முன்னால் மேலாடையை விலக்கி நிற்க வேண்டியிருந்த காலம் அது. தெரு மாறினால் அவர்கள் நிலையும் மாறிற்று. பாவம், அந்த நினைப்பு அவர்களைச் சந்தையில் தடுக்கவில்லை.

1858, 59-ல் மூன்றாம் தடவையாகக் கலகம் மூண்டது. சென்னைக் கவர்னர் டிரெவிலியன் வற்புறுத்தினார். 1859 ஜூலை 26-ஆம் தேதி, உத்திரம் திருநாள் மகாராஜா ஒரு பிரகடனம் வெளியிட்டார். அதில் இருப்பதைக் கேளுங்கள். எந்த மதத்தைச் சேர்ந்த நாடார்ப் பெண்ணும் ரவிக்கை போட்டுக்கொள்ளலாம். முரட்டுத் துணியைத் தோளைச் சுற்றி முக்குவத்திகள் கட்டுவது போலக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் உயர்ந்த ஜாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது.

முக்குவத்தி யார் தெரியுமா? கடற்கரை மீனவப் பெண். அதாவது, “உனக்கு மேலே போகாதே; இதோ, இந்த மீன்காரி அளவுக்கு வேண்டுமானால் வா” என்று ராஜ்யத்தின் கஜக்கோலாக ஒரு கடப்புறத்துப் பெண்ணை நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு படி ஏற்றிவிடும்போதே, அந்தப் படியின் பெயரையும் மறக்காமல் சொல்லி ஏற்றுகிறார்கள். நாடார்ப் பெண்களின் அந்தப் போராட்டம் பெரிய வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் நான் இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம், குளச்சல் பஸ் நிலையத்தில் நின்ற அந்தக் கிழவியின் முகம்தான் எனக்குத் தோன்றுகிறது. 162 வருஷம் கழித்தும் அளவுகோலை அவர் தலையில்தான் வைத்தார்கள்.

அதே காலத்தில் சட்டத்துக்குக் காத்திராமல் இடத்தையே மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் — 1809-ல் பிறந்து 1851-ல் மறைந்தவர் — ஒரு கிணறு வெட்டினார். முத்திரிக் கிணறு என்று பெயர். எல்லா ஜாதியாரும் அதில் இறைத்துக் குளிக்கலாம், குடிக்கலாம். தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்டிருந்த ஆண்களைப் பதிக்குள் தலைப்பாகையோடுதான் வரச் சொன்னார். இன்றைக்கும் அங்கே அதுதான் வழக்கம். பதியின் எல்லையைத் தாண்டினால் பழைய ராஜ்யம். உள்ளே வேறு ராஜ்யம். நாகர்கோவிலிலோ 1819-ல் வந்து சேர்ந்த மால்ட் என்ற பாதிரியாரின் மனைவி மார்த்தா, பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பங்களாக் காம்பவுண்டுக்குள் உட்கார்ந்து பின்னிய அடிமைப் பெண்கள் சிலர், கூலியைச் சேர்த்துவைத்துத் தங்கள் விடுதலையையே விலைக்கு வாங்கினார்கள். பெண், அடிமை, தாழ்ந்தவள் என்று வெளியே மூன்று முத்திரை. உள்ளே கையில் ஊசியும் நூலும். திருவாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல்தான். நம் வீட்டுப் பெட்டியில் பழைய நாகர்கோவில் லேஸ் ஒரு முழம் கிடந்தால், அடுத்த தடவை அதைக் கொஞ்சம் மெதுவாகத் தொடுங்கள்.

போகட்டும். மாடிக்கு வருகிறேன்.

பத்தாம் நாள் அந்த அம்மாள் மீனை எண்ணிவிட்டு எழுந்திருக்கவில்லை. தயங்கித் தயங்கிக் கேட்டார்: “எம்மா, மாடி சும்மாதானே கெடக்கு? எம் பேத்திக்கு வாடகைக்குத் தருவியளா?”

மைனி என்னைப் பார்த்தாள். நான் மீனைப் பார்த்தேன்.

மறுநாள் மாலை பேத்தி வந்தாள். முப்பது வயதிருக்கும். டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை. கையில் எட்டு வயதுப் பெண் குழந்தை. கணவன் ஆழ்கடலுக்குத் தங்கல் தொழிலுக்குப் போனவன். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலில் போனவன்தான், திரும்பவில்லை. குழந்தையின் பள்ளிக்கூடத்துக்கும் ராத்திரி டியூட்டிக்கும் சௌகரியமாக டவுனில் வீடு தேடுகிறாள். மைனி வீட்டோடு பன்னிரண்டாவது வீடாம்.

“முன்னே பதினோரு வீட்டிலும் என்ன சொன்னார்கள்?” என்று நான்தான் கேட்டேன். அவள் கோபமில்லாமல் சிரித்துக்கொண்டே சொன்னாள். எல்லா இடத்திலும் முதல் கேள்வி ஒன்றுதானாம்: “எந்த ஊர்?” எங்கள் மாவட்டத்தில் இந்தக் கேள்வி மிகவும் சாமர்த்தியமான கேள்வி, சகோதரிகளே. ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டால் ஜாதி, மதம், தொழில், அப்பாவுக்குப் படகு உண்டா இல்லையா என்பது வரைக்கும் வெளியே வந்துவிடும். சுமார் 72 கிலோமீட்டர் நீளமுள்ள கடற்கரையில் ஒட்டி ஒட்டி ஊர்கள். ஊருக்கு ஒரு சர்ச்சு. சுவரோடு சுவர் இடிக்கிற வீடுகள். உள்நாட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவை வெறும் பெயர்கள்தான். ஆனால் அந்தப் பெயர்களுக்கு ஓர் அர்த்தம் வைத்திருக்கிறோம்.

ஆனால் பதினோரு வீட்டில் ஒருவர்கூட அதைச் சொல்லி மறுக்கவில்லையாம். ஒரு வீட்டுக்காரர், “கிறிஸ்தவர்கள் என்றால் எங்களுக்கு ஆட்சேபமே இல்லை. போன தடவை இருந்தவர் ஒரு வாத்தியார், கிறிஸ்தவர்தான்” என்றாராம். இன்னொருவர், “மீனா? நாங்களே மீன் சாப்பிடுகிறவர்கள்தானே!” என்றாராம். மூன்றாவது வீட்டில், “புருஷன் இல்லாத பெண் என்று தப்பாக நினைக்கமாட்டோம். பாங்கு ஆபீஸர் அம்மா ஒருத்தர் தனியாகத்தான் இங்கே மூன்று வருஷம் இருந்தார்” என்றார்களாம். எல்லாம் வாஸ்தவம். ஒருவரும் பொய் சொல்லவில்லை. கடைசியில், “சொல்லி அனுப்புகிறோம்” என்று அனுப்பிவிட்டார்கள்.

இதைக் கேட்டபோது எனக்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு ஞாபகம் வந்தது. செயின்ட் லூயி நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி மேல் ஐந்து கறுப்புப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். கறுப்புப் பெண்களை வெகுகாலம் வேலைக்கு எடுக்காமலே இருந்து, ஆட்குறைப்பு வந்ததும் கடைசியில் வந்தவர்கள் என்று அவர்களையே முதலில் வெளியே அனுப்பிவிட்டார்கள். 1976-ல் கோர்ட்டு என்ன சொல்லிற்று? கம்பெனியில் பெண்கள் வேலை பார்க்கிறார்களே! பார்த்தார்கள், வெள்ளைக்காரப் பெண்கள். கறுப்பர்களும் பார்க்கிறார்களே! பார்த்தார்கள், ஆண்கள். ஆகவே, பெண் என்பதற்காகவும் ஒதுக்கவில்லை, கறுப்பு என்பதற்காகவும் ஒதுக்கவில்லை, இரண்டையும் சேர்த்துப் புதிதாக ஒரு குறையை உண்டாக்கிக்கொண்டு வராதீர்கள் என்று வாயை அடைத்துவிட்டார்கள். 1989-ல் கிம்பர்லி கிரென்ஷா என்ற சட்டப் பேராசிரியை இதை எடுத்து எழுதினார். அவரும் ஒரு கறுப்புப் பெண். நாற்சந்தியில் நிற்கிறவளை நாலு பக்கத்திலிருந்தும் வண்டி வந்து மோதலாம். எந்தத் தெரு வண்டி மோதியது என்று அவள் நிரூபித்தால்தான் வைத்தியம் என்றால் அவள் கதி என்ன என்று கேட்டார். அவர் நம் தெருவைப் பார்த்ததில்லை. ஆனால் பதினோரு வீட்டு வாசலிலும் இந்தப் பெண் நின்றது அந்த நாற்சந்தியில்தான்.

நகரத்தில் இருக்கும் நம் வீடுகளை மட்டும் விட்டுவிடுவானேன்? சென்னையில் “சைவம் மட்டும்” என்று போர்டு தொங்குகிறது. அது கறிகாயைப் பற்றிய போர்டு என்றா நினைக்கிறீர்கள்? அடுக்கு மாடிகளில் வேலைக்காரப் பெண்ணுக்கு லிப்ட் தனி. காய்கறிக்காரி கேட்டுக்கு வெளியே. ஒரே கட்டிடத்தில் இருநூறு குடும்பம் இருந்தும், அந்நியப் பெண் ஒருத்தி உட்கார ஒரு திண்டு இல்லை. திண்ணையை இடித்துவிட்டுக் கார் நிறுத்தினோமே, அப்போது போனது வெறும் சிமெண்டு மட்டுமல்ல என்று இந்த வயதில் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பழைய திண்ணையிலும் எல்லோரும் உட்கார்ந்துவிடவில்லையே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டேன்.

அன்று ராத்திரி மைனியும் நானும் தூங்கவில்லை. “அந்தப் பிள்ளை நல்ல பிள்ளைதான்” என்றாள் மைனி. “ஆனா தெருவிலே என்ன சொல்லுவாவ?” நான் உடனே, “தெரு என்ன சொன்னால் என்ன?” என்று வீரமாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. “வாடகையை ஒழுங்காகக் கொடுப்பாளா?” என்று கேட்டேன். மாதச் சம்பளக்காரி அவள்! இதற்கு முன் மாடியில் இருந்த கண்ணியமான குடும்பம் நாலு மாத வாடகை பாக்கி வைத்துவிட்டுப் போனதை மைனிதான் எனக்கு நினைவுபடுத்தினாள். பிறகு இருவரும் ராத்திரி டியூட்டியைப் பற்றிக் கவலைப்பட்டோம். “அகாலத்தில் வருவாள், போவாள்” என்றேன் நான். மைனி எழுந்து உட்கார்ந்துகொண்டாள். “அண்ணன் கடைசி மாசம் ஆஸ்பத்திரியிலே கெடந்தப்போ ராத்திரி பூரா பக்கத்திலே இருந்தது யாரு? அதுவும் ஒரு நர்ஸுப் பிள்ளைதானே. அது எந்த ஊருன்னு நாம கேட்டோமா?” என்றாள்.

கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வார்டில் யாரும் கேட்பதில்லை.

மைனி மாடியைக் கொடுத்தாள். ஒரு மாத அட்வான்ஸ் போதும் என்றாள். நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் அவர்கள் குடிவந்தார்கள். இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு கட்டில், குழந்தையின் சைக்கிள், மாலை போட்ட ஒரு போட்டோ. மீன்கார அம்மாள் சாமான்களை ஏற்றிவிட்டு, முதல் தடவையாக வாசல் படியில் உட்கார்ந்தார். மைனி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள், வீட்டுச் செம்பில். பழைய பாட்டில் மதில் மேலேயே இருந்தது. அதை எடுத்து எறியவேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

சாயங்காலம் எதிர் வீட்டுப் பெரியவர் கேட்டுக்கு வெளியே நின்றபடி விசாரித்தார். “மாடிக்கு ஆள் வந்தாச்சு போல இருக்கே. எந்த ஊரு?”

மைனி ஒரு வினாடி தயங்கினாள். “எல்லாம் நம்ம நாகர்கோவில்தான்” என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்கு மைனியைப் பாராட்டத் தோன்றியது. அந்தச் சங்கடமான நிமிஷத்தை எவ்வளவு லேசாகத் தாண்டிவிட்டாள்!

காலையில் நான் பெட்டியோடு புறப்படும்போது அந்தப் பெண் டியூட்டிக்குப் போக இறங்கி வந்தாள். மைனியிடம் அட்வான்ஸ் பணத்தை இரண்டு கையாலும் கொடுத்தாள். பிறகு, குழந்தையின் தலையைக் கோதிக்கொண்டே, மிகவும் மரியாதையாகச் சொன்னாள்:

“அம்மா, நேத்து நீங்க பேசினது மேலே கேட்டுது. இனிமே யாராவது கேட்டா, எங்க ஊர்ப் பேரையே சொல்லிருங்க.”